கடலோடிக்கு ஒரு திண்ணை

கார்த்திகை மாதத்து மழை இரவு ஒன்று நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. அது நிகழ்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மறந்துவிடக்கூடிய சிறு நிகழ்ச்சிதான். யாரும் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. சாட்டுவதற்கு அதனைக் கண்டவரும் இல்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு மார்க்கச் சட்டமும் அரபியும் தமிழும் கற்பித்து வரும் நம்மை, நாம் கற்பித்த பாடமே எதிர்நின்று கேள்வி கேட்ட இரவு அது. ஆதலின் அதனை எழுதிவிடுவதே முறை என்று கருதுகிறோம்.

நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியில், ஒரு பள்ளிவாசலுக்கு எதிர்வரிசையில் நம் வீடு. அன்று மோதினாருக்குக் காய்ச்சல். இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்தபின் விளக்கணைத்துப் பூட்டும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது ஒருவர் நனைந்த சட்டையோடு தெருவைக் கடந்து வந்தார். முப்பது வயதிருக்கலாம். கழுத்திலே நாடாவில் கோத்த ஓர் அட்டை. முகவெட்டு மலாய் நாட்டாரைப் போன்றது. சலாம் உரைத்தார், பதில் உரைத்தோம். "முஸாபிர்" என்றார். பூட்டைக் காட்டி, "ஸலாத்" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து, மின்சாரம் தீர்ந்து இருண்டு கிடந்த அதன் முகப்பை நம்மிடம் நீட்டி, "இபு, இபு" என்றார். அச்சொல் இந்தோனேசியர் மொழியில் தாயைக் குறிப்பது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

நாம் என்ன செய்தோம்? அதற்கு முந்திய வாரம் பள்ளியில் ஒரு மின்விசிறி களவு போயிருந்தது. இஷாவுக்குப் பின் எவருக்கும் திறக்கக் கூடாது என்று நிர்வாகத்தார் சொல்லியிருந்தனர். நமக்கும் களைப்பு, மழை வேறு. ஆகவே, பள்ளி மூடியாயிற்று என்றும், சற்றுத் தொலைவில் நாகூர் தர்கா இருக்கிறது, அங்கே விளக்கெரியும் என்றும், இலக்கணப் பிழையற்ற அரபியில் அவருக்கு எடுத்துரைத்தோம். அவர் எவ்வளவு விளங்கிக்கொண்டாரோ அறியோம். தலையசைத்தார், நெஞ்சிலே கைவைத்து நன்றி கூறினார். நாம் வீட்டுக்குள் சென்று, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு சன்னல் வழியே பார்த்தபோது, அவர் பள்ளியின் வெளிப்படியில், தூவானத்தில் நின்று தொழுதுகொண்டிருந்தார். இரண்டு ரக்அத்தோடு சலாம் கொடுத்தார். பயணிக்கு உரிய கஸ்ருத் தொழுகை சரியாகவே இருக்கிறது என்று நம் மனம் தீர்ப்பு எழுதிற்று. ஆம், அந்த வேளையிலும் நமக்குத் தோன்றியது அதுதான். சாவி நம் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் சுபுஹுக்கு வந்த மோதினார், "ராத்திரி யாரோ வெளிநாட்டுக்காரரு படியில தொழுதாராமே, டீக்கடையில சொன்னாங்க. யாரு ஆலிம்சா அது?" என்று கேட்டார். நாம் ஒளுச் செய்யும் ஹவுளின் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அவர் எங்கிருந்து வந்திருப்பார் என்பதை ஊகிப்பது எளிது. நாகூரை விட்டு வடக்கே போனால் வாஞ்சூர். அதன் கரையிலேதான் காரைக்கால் துறைமுகம். 2009-ஆம் ஆண்டு முதல் அங்கே நிலக்கரியும் உரமும் பிறவும் ஏற்றி இறக்கும் பெருங்கப்பல்கள் வந்து போகின்றன. அவற்றுள் ஒன்றில் பணிபுரிபவர், சில மணி நேர அனுமதி பெற்றுக் கரையிறங்கி, விளக்கெரிந்த ஒரு மினாராவைப் பார்த்து நடந்து வந்திருக்கிறார். மினாராவை நோக்கிக் கடலோடி நடப்பது நம் கரையில் புதிய செய்தியன்று. நாகூரிலே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பித்த பெரிய மினாரா 131 அடி உயரம். கடலில் வருவோர்க்குக் கரை காட்டும் அடையாளமாக அது விளங்கிற்று. அத்தர்காவின் கந்தூரிக் கொடிகூட, நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவான ஊர்திகள் சூழத்தானே ஊர்வலமாக வருகிறது! அவ்வழக்கங்கள் குறித்து நம்மவரிடையே கருத்து வேற்றுமைகள் உண்டு. அவை இங்கே நம் பொருளல்ல. அந்தக் கப்பல் வடிவம் எதனை நினைவுபடுத்துகிறது என்பதே நம் பொருள். கடலிலிருந்து வருபவனுக்கு இக்கரை கடமைப்பட்டது.

இன்னும் முற்பட்ட காலத்துக்குச் செல்வோம். ஏறத்தாழ 1006-ஆம் ஆண்டிலே, ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்ப, முதலாம் இராசராச சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு விட்டுக்கொடுத்தார். ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் வைத்துக் காக்கப்பட்ட செப்பேடுகள் இச்செய்தியைச் சொல்கின்றன. தம் சமயத்தவரல்லாத, கடல் கடந்து வருவோரின் வழிபாட்டுக்கென்று சோழ நாட்டின் நெல் விளையும் ஊரொன்று ஒதுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். காவிரித் தண்ணீரில் விளைந்த நெல், அயல்நாட்டாரின் விளக்குக்கு எண்ணெயாயிற்று.

நம் முன்னோர் அக்கரை சென்றபோதும் இதே கைம்மாற்றைப் பெற்றனர், தாமும் செய்தனர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதி, கடல் தூர்க்கப்படுவதற்கு முன் அலைகள் வந்து மோதிய கரையாக இருந்தது. அங்கே 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடத்தை நம்மவர் எழுப்பினர். அதே வீதியில் சீன நாட்டு ஹொக்கியன் மக்கள், கடற்பயணம் நலமாய் முடிந்தமைக்கு நன்றியாகத் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டி 1842-இல் முடித்தனர். பினாங்கின் சூலியா வீதியிலும் நாகூரின் பெயரால் ஒரு நினைவிடம் நிற்கிறது. கரையிறங்கியவன் முதலில் தேடியது வாணிபத்தையன்று. தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓரிடத்தையே.

நம் பாட்டனார் ராஜூலாக் கப்பலில் சபர் போனவர். 1926-இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடிய அக்கப்பலை அறியாத சபராளி வீடு தஞ்சைக் கடற்கரையில் இராது. நாகப்பட்டினத்தில் அது கரையணையாது; தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகிலே போய் ஏற வேண்டும். தளத்திலே பாய் விரித்துப் படுத்து, கடல் மயக்கத்தில் உணவு கொள்ளாமல் பினாங்கில் இறங்கிய நம் பாட்டனாரை, "எந்த ஊரு?" என்று கேட்டு ஒருவர் கிட்டங்கிக்கு அழைத்துச் சென்றாராம். கிட்டங்கி என்பது ஊரார் கூடி வாடகைக்கு அமர்த்திய மாடி; பெட்டி வைக்கவும் பாய் விரிக்கவும் இடம்; ஊரிலிருந்து கடிதம் வந்து சேர ஒரு முகவரி. "அன்னிக்கு அந்த மனுசர் குடுத்த கஞ்சி இன்னும் நாக்குல இருக்குதுடா தம்பி" என்று பாட்டனார் தம் இறுதிக் காலம் வரை சொல்வார். கஞ்சி வார்த்தவர் பெயரை அவர் அறிந்திலர்.

இவ்வளவும் அறிந்தவர்தாம் நாம். அறிந்ததோடு பாடமும் நடத்தியவர். ஸகாத்துப் பொருள் பெறத் தக்கவர் எண்வகையினர் என்று தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வகுக்கிறது. அவர்களுள் எட்டாமவர் இப்னுஸ் ஸபீல், அதாவது வழிப்போக்கர். அரபியில் அதன் நேர்ப்பொருள் 'வழியின் மகன்' என்பது. தன் ஊரில் செல்வனாயினும் வழியில் கைப்பொருள் இழந்து நிற்பவன் அதற்கு உரியவன் என்பதில் சட்ட வல்லுநரிடையே கருத்து வேற்றுமை இல்லை. வழிக்கே மகனாகிவிட்டவனுக்கு, அவ்வழியில் குடியிருப்போர் உறவினராகின்றனர் என்று மாணவர்க்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறோம்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்பு அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களுடன் சென்ற அறிஞர் ஒரு மரக்கலத்தில் ஓட்டையிட்ட வரலாறு வருகிறது. அம்மரக்கலத்துக்கு உரியவர்களைக் கடலில் உழைத்து வந்த மிஸ்கீன்கள் என்று மறை குறிப்பிடுகிறது. இவ்விடத்தை வைத்து மதரஸாக்களில் ஒரு சர்ச்சை நடக்கும். பக்கீர் வறியவனா, மிஸ்கீன் வறியவனா என்பது அது. மரக்கலம் உடையவரையும் மறை மிஸ்கீன் என்று அழைத்திருக்கையால், மிஸ்கீன் என்பவன் ஓரளவு பொருள் உடையவனே. பக்கீர்தான் அவனினும் வறியவன் என்பர் ஷாஃபிஈ வழியினர். ஹனஃபி வழியினர் இதனை மாற்றி உரைப்பர். இருதரப்பு வாதங்களையும் பலமுறை மாணவர்க்குச் சொன்ன நாம், அதற்குள்ளே கிடந்த எளிய பொருளைக் காணாமற்போனோம். மரக்கலம் உடையவனும்கூடக் கடலில் இருக்குமளவும் இரக்கத்துக்கு உரியவனே. மாதச் சம்பளம் டாலரில் பெறுகிறான் என்பதற்காக அவனுடைய தனிமை தீர்ந்துவிடுவதில்லை.

இதனை நமக்கு உணர்த்தியவன் நம் தங்கையின் மகன். நம்மிடம் குர்ஆன் ஓதியவன். பள்ளியிறுதி முடித்து, பயிற்சி பெற்றுக் கப்பலில் தளப் பணியாளனாகச் சேர்ந்தான். நாம் அதனை அவ்வளவாக விரும்பவில்லை. ஜும்ஆ இல்லாத வாழ்க்கை என்று சொல்லித் தடுத்துப் பார்த்தோம். அவன் சிரித்துக்கொண்டே, "மாமா, உங்களையும் முஅல்லிம்னுதானே கூப்பிடறாங்க, கப்பல்ல திசை காட்டுறவரையும் மாலுமின்னுதானே சொல்றாங்க. ரெண்டும் ஒரே சொல்லுன்னு நீங்கதானே பாடத்துல சொன்னீங்க" என்றான். உண்மைதான். கற்பிப்பவர், வழி காட்டுபவர் என்று பொருள்படும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லே தமிழில் மாலுமியாயிற்று. வாயடைத்துப் போனோம்.

2020-ஆம் ஆண்டு வந்தது. கொரோனாப் பெருந்தொற்றினால் துறைமுகங்கள் மூடின, விமானங்கள் நின்றன, பணிக்காலம் முடிந்தவர்கள் இறங்க முடியவில்லை. அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் கப்பல்களிலேயே சிக்கியிருந்ததாக உலகக் கடல்சார் அமைப்பு அறிவித்தது. ஒருவரைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்பது உலகச் சட்டம். நம் மருமகனுக்கு அது பதினான்காயிற்று. பதினோராம் மாதத்தில் அவனுடைய வாப்பா, நம் மைத்துனர், மரணமடைந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவைத் தொலைபேசியில் காட்டலாமென்றால், கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடக்கம் முடிந்து நான்காம் நாள், ஆஸ்திரேலியாவில் நிலக்கரி ஏற்றும் ஒரு துறைமுகத்தை அது அடைந்தபோதுதான் அவனுடைய குரல் நம் தங்கைக்குக் கேட்டது.

அக்குரல் எவ்வாறு கேட்டது என்பதை அவன் ஊர் திரும்பியபின் நம்மிடம் சொன்னான். கரையிறங்க எவருக்கும் அனுமதி இல்லை. கடலோடிகள் நலச் சங்கத்தின் வண்டி ஒன்று கப்பல் ஏணியின் அடிவரை வந்தது. அதிலிருந்து இறங்கியவர் வயது முதிர்ந்த ஒரு கிறித்தவப் பெண்மணி. சம்பளம் வாங்காத ஊழியர். சிம் அட்டைகளும் பழங்களும் கம்பளித் தொப்பிகளும் கொண்டுவந்து ஏணியடியில் வைத்துவிட்டு, தூர நின்றபடி ஒவ்வொருவரையும் பேர் கேட்டார். இவன் முகத்தைப் பார்த்தவர், என்னவென்று வினவினார். சொன்னான். "மாமா, அந்தம்மா முகக்கவசத்துக்கு மேல கண்ணு ரெண்டும் நெறஞ்சு நின்னாங்க. அப்புறம், நீங்க தொழறதுக்கு ஏதும் வேணுமான்னு கேட்டாங்க. மறுநாள் பக்கத்துப் பள்ளிவாசல்ல சொல்லி ஒரு முஸல்லாவும் பேரீச்சம்பழமும் வாங்கிட்டு வந்தாங்க. அந்த சிம்முலதான் உம்மாகிட்டப் பேசினேன்."

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த நம் தங்கை, "நானா, அந்த அம்மா நல்லா இருக்கணும்னு துஆச் செய்யுங்க" என்று விம்மினாள். செய்தோம். அப்போது நம் மருமகன், எவரையும் குத்திக் காட்டும் நோக்கமின்றி, இயல்பாக ஒரு கேள்வி கேட்டான்: "வாஞ்சூருக்குக் கப்பல் வருதே மாமா, அதுல வர்றவங்களுக்கு நம்ம ஊருல யாரு இருக்கா?"

பூட்டிய பள்ளியின் படியில் தூவானத்தில் நின்ற உருவம் நம் கண்முன் வந்தது. அன்றுதான் அவ்விரவின் நிகழ்ச்சியை முதன்முதலாக வாய்திறந்து சொன்னோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமை எவ்வளவு கடியது என்பதை அன்று அறிந்தோம்.

அதன்பின் இந்த நலச் சங்கங்களைப் பற்றித் தேடிப் படித்தோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கடற்காலில் 1835-ஆம் ஆண்டளவில் ஜான் ஆஷ்லி என்னும் பாதிரியார், கரையணையாமல் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைக் கண்டு, அவற்றில் இருப்போரைத் தேடிச் சென்று பார்க்கத் தொடங்கினார். தம் பிள்ளை கேட்ட ஒரு கேள்வியே அவரை அவ்வாறு செலுத்திற்று என்பர். அப்பணியின் வழியே 1856-இல் உருவான சங்கம் இன்று மிஷன் டு சீஃபேரர்ஸ் என்ற பெயரில் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் இயங்குகிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் அதன் பணி உண்டு. கத்தோலிக்கர் 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய பணி, ஸ்டெல்லா மாரிஸ், கடலின் விண்மீன் என்று பெயர் பெற்றது.

நம் நாட்டுக் கடலோடிகளின் துயரும் இவ்வரலாற்றில் கலந்திருக்கிறது. கம்பெனிக் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரால் உழைத்த இந்தியர், அவர்களுள் பெருந்தொகையினர் முஸ்லிம்கள், லண்டன் தெருக்களில் குளிராலும் பசியாலும் மடிவதைக் கண்டு, 1857-இல் அந்நகரின் லைம்ஹவுஸ் பகுதியில் அவர்களுக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது. 1937 வரை அது நடந்தது. அங்கே மதப் பிரசாரமும் நடந்தது என்பது மெய்தான். அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் கடுங்குளிரில் கதவு திறந்தவர் அவர்கள் என்பதும் மெய். மும்பையின் மஸ்ஜித் பந்தரில் இந்தியக் கடலோடிகள் இல்லம் ஒன்று உண்டு. முதல் உலகப்போரில் மடிந்து, கடலையன்றி வேறு கபுறு இல்லாத 2,000-க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது.

'இக்காலத்தில் இவையெல்லாம் எதற்கு? கப்பலிலேயே எல்லா வசதியும் இருக்குமே' என்று சிலர் கருதலாம். உண்மை அதற்கு மாறானது. முன்பெல்லாம் சரக்கு இறக்கக் கப்பல் பல நாள்கள் துறையில் நிற்கும். கடலோடி ஊரைச் சுற்றுவான், மனிதரோடு பழகுவான். பெட்டகக் கப்பல்கள் வந்தபின் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு நிகழ்ந்த தாக்குதல்களின் விளைவாக 2004 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகள், அவன் கரையிறங்குவதையும் கடினமாக்கின. பெருங்கப்பலில் இருபது சொச்சம் பேரே இருப்பர்; அவர்களுள் தன் மொழி பேசுபவன் ஒருவனும் இல்லாதிருத்தல் கூடும். 2021-இல் எடுத்த கணக்கின்படி இவ்வாறு உழைப்போர் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் பேர். நாம் உண்ணும் பாமாயிலும், வயலுக்கு இடும் உரமும், விளக்குக்கு மின்சாரம் தரும் நிலக்கரியும் அவர்கள் கையால் வருபவை.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, துறைமுகங்களில் கடலோடிகளுக்கான நல நிலையங்கள் வளர வேண்டும் என்றும், நாடு, இனம், சமயம் பாராமல் அவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. அது 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதனை ஏற்றது. வீட்டாருடன் தொடர்புகொள்ளும் வசதியை வலியுறுத்தும் திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. இதனைப் படித்தபோது நமக்கு நாணமே மேலிட்டது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நமக்கு விதிக்கப்பட்ட கடமையை, உலகம் இப்போது உடன்படிக்கையாக எழுதிக் கையொப்பமிடுகிறது.

ஆகவே நம் ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். பள்ளியின் பக்கத்தில் மதரஸாவுக்கு உரிய, தெருவைப் பார்த்த திண்ணையும் ஓர் அறையும் உண்டு. அதனை மாலை முதல் இரவு பத்து மணி வரை கடலோடிகளுக்குத் திறந்து வைப்போம் என்றோம். எதிர்ப்பு எழுந்தது, அதனை இகழ்ச்சியாகக் கருத மாட்டோம். "ஆலிம்சா, நாளைக்கு போலீசு வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? நம்ம காலம் அப்படி இருக்கு" என்றார் ஒரு பெரியவர். அவர் அச்சம் வெற்றச்சமன்று. இன்னொருவர், "பிலிப்பைன்காரன் கழுத்துல சிலுவையோட வருவான். அவனுக்கும் நம்ம காசுல சாயாவா?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு நாமே காவல் நிலையம் சென்று, எழுத்தால் தெரிவித்து, வருபவர் கரையிறங்கும் அனுமதி அட்டையைப் பார்த்துப் பெயரெழுதும் ஏடொன்றும் வைப்பதாக ஒப்புக்கொண்டோம். இரண்டாம் கேள்விக்குச் சட்டம் சொன்னோம். ஸகாத்துப் பொருளை உரியவர் கையில் உடைமையாகவே கொடுத்தல் வேண்டும். அதனைக் கொண்டு அறை நடத்தல் ஆகாது. ஆதலின் இதற்கு ஸகாத்தைத் தொட மாட்டோம். ஸதக்காவாகிய தருமமோ எச்சமயத்தவர்க்கும் கொடுக்கத் தக்கது. பிறகு சட்டத்தை விட்டுவிட்டு, நம் மருமகனின் கதையையும், அதற்கு முன்பாக அந்த மழை இரவின் கதையையும் சொன்னோம். அவையில் நம் குற்றத்தை நாமே சொல்லிக்கொள்வது எளிதாயில்லை. சிலுவையைப் பற்றிக் கேட்டவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பின்னர், "கெட்டில் நான் வாங்கித் தர்றேன்" என்றார்.

இவ்வாறு அத்திண்ணை திறந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாய், ஒரு மேசை, சாயாவுக்கு மின்கெண்டி, கைப்பேசிக்கு மின்னூட்டும் பலகை, நம் மருமகன் வைத்துப்போன இணைய இணைப்பு. சுவரிலே கிப்லாவின் திசை. அதன் அருகே, அருகிலுள்ள கோயிலுக்கும் மாதா கோவிலுக்கும் வழி. வருபவர் மிகச் சிலரே. வாரக் கணக்கில் எவரும் வாராததும் உண்டு. பலருக்குக் கரையிறங்கவே நேரமிராது. இதனைச் சாதனை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

ஆயினும் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். சென்ற ஆண்டு நோன்பு மாதத்துக்குச் சில நாள் முன்பு, சிட்டகாங் பக்கத்தைச் சேர்ந்த ஒரு முதியவர் வந்தார். கப்பலில் சமையற் பண்டாரி. நம் மதரஸா உருதுவும் அவர் உருதுவும் ஒருவாறு சந்தித்தன. சாயா கொடுத்தோம், ஒரு மிடறு குடித்துவிட்டு, இஞ்சி போதாது என்றார். வீட்டுக்குப் பேசுகிறீர்களா என்றோம், பேசியாயிற்று என்றார். தொழுகிறீர்களா என்றோம், தொழுதாயிற்று என்றார். பின் என்னதான் வேண்டும் என்று விளங்காமல் நின்றோம். அவர் பாயிலே காலை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் திண்ணையின் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் சும்மா இருந்தார். போகும்போது, நான்கு மாதத்தில் இன்றுதான் கீழே இருப்பது ஆடவில்லை என்றார்.

கடலோடிக்குக் கரை தர வேண்டியது எவ்வளவு சிறியது என்பதை அன்று கற்றோம். முப்பது ஆண்டு கற்பித்தவருக்கு அது புதிய பாடமாகவே இருந்தது.

இதனைப் படிக்கும் குடும்பங்களில், பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் சிலர் இருப்பர். அவர்களுக்கும், சென்னையிலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் துறைமுகங்களை அடுத்து வாழும் ஜமாஅத்தார்க்கும் ஒன்று சொல்வோம். நம் பிள்ளைகளுக்கு எங்கோ ஒருவர் கதவு திறந்துகொண்டேயிருக்கிறார். அவர்களுக்கு நாம் கைம்மாறு செய்ய முடியாது. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. நம் வாசலுக்கு வருபவனிடத்தில்தான் அக்கடனை அடைக்க முடியும். செலவு அதிகமில்லை. ஒரு திண்ணையும், அதனைத் திறந்து வைக்க ஒருவரும் போதும்.

அந்த மழை இரவில் வந்தவர் திரும்பி வரவில்லை. வருவார் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. அவர் தம் தாயோடு அன்று பேசினாரா என்பதை நாம் ஒருபோதும் அறியப் போவதில்லை. மழை பெய்யும் இரவுகளில் மட்டும், பத்து மணி கடந்தபின்னும் விளக்கை அணைக்க நமக்கு மனம் வருவதில்லை. மோதினார் நம்மை ஒன்றும் கேட்பதில்லை. சாவியை நம்மிடமே விட்டுச் செல்கிறார். கடலிலிருப்போர் அனைவரையும் அல்லாஹ் நலமாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.